டூராண்ட் போட்ட கோடு

'வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?'

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறவர் கேட்கிற கேள்வி. நம்மூரில் இதற்கு அதிகபட்சம் என்ன நடந்துவிடும்? 'போன தடவையும் இப்படித்தான் எழுதிக்கிட்டுப் போனீங்க, என்ன பண்ணிட்டீங்க?' என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும். அவ்வளவுதான். 2017-ம் வருஷம் மே மாதம் 5-ம் தேதி, பாகிஸ்தானின் தென்மேற்கு மூலையில், சமன் என்கிற ஊருக்குப் பக்கத்தில், இந்தக் கேள்விக்குத் துப்பாக்கி பதில் சொன்னது.

இரண்டு கிராமங்கள். கில்லி லுக்மான், கில்லி ஜஹாங்கீர். (கில்லி என்றால் அந்தப் பக்கத்து பாஷையில் கிராமம். விஜய் படம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) பாகிஸ்தானில் 19 வருஷம் கழித்து நடந்த கணக்கெடுப்பு அது. நோட்டுப் புத்தகத்தோடு வந்தவர்களுக்குப் பாதுகாப்பாகத் துணை ராணுவமும் வந்தது. 'இது எங்கள் கிராமம், எங்கள் ஜனங்களை எண்ண நீ யார்?' என்று அந்தப் பக்கத்திலிருந்து ஆப்கன் படையினர் சுட ஆரம்பித்தார்கள். இவர்களும் சுட்டார்கள். இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. செத்தவர்களில் ராணுவத்துக்குச் சம்பந்தமே இல்லாத கிராமத்து ஜனங்களும் உண்டு. சமன் எல்லைக் கதவை இழுத்து மூடினார்கள்.

பிறகு இரண்டு தரப்பு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினார்கள். கிராமம் யாருடையது? சர்வே ஆட்களை அனுப்பலாம். பழைய வரைபடங்களைப் பார்க்கலாம். கூடவே கூகுள் மேப்ஸையும் பார்த்துவிடலாம். நிஜமாகவே அப்படித்தான் சொன்னார்கள். அணுகுண்டு வைத்திருக்கிற ஒரு தேசம், தான் எந்த இடத்தில் முடிகிறோம் என்று இன்டர்நெட்டில் தேடிக்கொண்டிருந்தது.

அந்தக் கிராமத்து ஜனங்களைக் கேட்டிருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். 'நாங்கள் பஷ்டூன்' என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் கணக்கெடுப்புப் படிவத்தில் அதை மட்டும் எழுதிக்கொண்டு போக முடியாதே? எந்த நாடு என்றும் ஒரு கட்டம் இருக்கிறது.

*

பஷ்டூன் என்றால் நமக்குச் சட்டென்று பிடிபடாது. பதான் என்றால் பிடிபடும். அந்தக் காலத்தில் நம் ஊர்களில் வட்டிக்குக் கொடுத்துவிட்டு, வசூல் செய்ய ஆறடி உயரத்தில் வாசலில் வந்து நிற்பாரே ஈட்டிக்காரர், அவர் இந்த வம்சம்தான். தாகூரின் காபூலிவாலாவும் இந்த வம்சம். தாகூர் அந்தக் கதையை எழுதியது 1892-ல். காபூலிலிருந்து கல்கத்தா வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துபோன மனிதனிடம் 'பாஸ்போர்ட் எங்கே?' என்று யாரும் கேட்காத காலம்.

அதற்கு அடுத்த வருஷம்தான் கோடு போட்டார்கள்.

போட்டவர் பெயர் சர் ஹென்றி மார்ட்டிமர் டூராண்ட். பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் வெளியுறவுச் செயலாளர். போபால் பக்கத்தில் செஹோரில் பிறந்தவர். கால்பந்து பார்க்கிறவர்களுக்கு அவர் பெயர் பரிச்சயமாக இருக்கும். டூராண்ட் கோப்பை என்று இன்றைக்கும் நம் நாட்டில் ஆடுகிறார்களே, அதை 1888-ல் சிம்லாவில் தொடங்கிவைத்த அதே டூராண்ட். ஆட்ட மைதானத்தில் கோடு போடுவது அவருக்கு நன்றாகத் தெரியும். மலையில் போடுவதுதான் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது.

எதற்காகக் கோடு? ரஷ்யா. வடக்கேயிருந்து ஜார் மன்னரின் படைகள் மத்திய ஆசியாவை ஒவ்வொரு ஊராக விழுங்கிக்கொண்டு வந்தன. இன்னும் நாலு மலையைத் தாண்டினால் இந்தியா. பிரிட்டிஷாருக்குத் தூக்கம் போய்விட்டது. நடுவில் ஆப்கனிஸ்தான் என்று ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் கணவாய்கள் எல்லாம் தங்கள் கையில் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அந்த மலைகளில் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய மாமன் மச்சான் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் கிடையாது.

காபூலில் அப்போது அமீர் அப்துர் ரஹ்மான் கான். இரும்பு அமீர் என்பார்கள். சொந்த ஜனங்களையே, முக்கியமாக ஹஸாராக்களை, ரத்தம் சொட்டச் சொட்ட அடக்கியவர். சாதாரணத்தில் பணிகிற ஆள் இல்லை. ஆனால் பிரிட்டிஷார் கொடுத்த பணமும் அவர்கள் வழியாக வந்த ஆயுதமும் இல்லாமல் அவரால் காலம் தள்ள முடியாது. 1893 நவம்பர் 12. ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏழே ஏழு ஷரத்துகள். ஒரு பக்கத்தில் அடங்கிவிடக்கூடிய சமாசாரம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் தலையிடமாட்டேன், இந்தப் பக்கம் நீ தலையிடாதே. பதிலுக்கு, வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாயாக இருந்த உதவித்தொகை 18 லட்சம் ஆனது. ஆயுதம் வாங்கிக்கொள்ளவும் தடை இல்லை.

சுமார் 2,600 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோடு பஷ்டூன்களை நடுவாகக் கிழித்தது. தெற்கே பலூச்சிகளையும் விட்டுவைக்கவில்லை. மொஹ்மந்த் என்று ஒரு இனக்குழு. பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். வஸீர்களுக்கும் அதே கதி. இவன் வீடு இந்தியா, இவன் ஆடு மேய்க்கிற மலை ஆப்கனிஸ்தான். இவன் பெண் கொடுத்த சம்பந்தி வீடு வெளிநாடு!

இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது 'தலையிடமாட்டேன்' என்பதைத்தான். இது இரண்டு தேசங்களுக்கு நடுவிலான எல்லையா, அல்லது இரண்டு பேர் தங்கள் செல்வாக்கு எதுவரை என்று பிரித்துக்கொண்ட கோடா? அடுத்த நூற்று முப்பது வருஷச் சண்டைக்கு விதை இந்த இடத்தில்தான் விழுந்தது.

*

ஜனங்கள் என்ன செய்தார்கள்? முதலில் கோபப்பட்டார்கள். கல் நட்டு அடையாளம் வைக்க ஆட்கள் வந்தபோதே அடிதடி. 1897-ல் மலைப்பகுதி முழுக்கப் பற்றிக்கொண்டு எரிந்தது. அதை அடக்கப் போன படையோடு ஒரு இளைஞரும் போனார். பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். அந்த அனுபவத்தை வைத்துத்தான் தன் முதல் புத்தகத்தை எழுதினார்.

கோபம் தணிந்தபிறகு அவர்கள் செய்ததுதான் பிரமாதம். கோட்டைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டார்கள். குளிர்காலம் வந்தால் ஒட்டகம், ஆடு, பெண்டு பிள்ளைகளோடு மலையிலிருந்து சிந்து நதிப் பக்கம் இறங்குவது. வெயில் வந்தால் மேலே ஏறுவது. கல்யாணம், கருமாதி, வியாபாரம், பழிக்குப் பழி எல்லாம் வழக்கம்போல. பஷ்டூன்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பஷ்டூன்வாலி. வந்தவனுக்குச் சோறு போடு. அடைக்கலம் கேட்டால், எதிரியாக இருந்தாலும் கொடு. அவமானப்படுத்தினால் பழி வாங்கு. தகராறு என்றால் ஜிர்கா கூடும். ஊர்ப் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, தாசில்தார் ஆபீஸ் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு அரசாங்கத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு என்ன இருக்கிறது?

பிரிட்டிஷார் 1901-ல் எல்லைப்புறக் குற்றச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தன் தப்புச் செய்தால் அவன் குடும்பம், குலம், கிராமம் எல்லோரும் குற்றவாளி. வீட்டை இடிக்கலாம். சந்தைக்கு வரவிடாமல் தடுக்கலாம். வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. மற்றபடி மலைக்குள் நீங்கள் எப்படியாவது இருந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். சர்க்காரின் சட்டம் சாலையின் மீது மட்டும் செல்லும். சாலையிலிருந்து இறங்கி நாலு அடி நடந்தால் குலத்தின் சட்டம்.

1947-ல் வெள்ளைக்காரன் போனான். சட்டம் போகவில்லை. பாகிஸ்தான் அதை அப்படியே எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டது. அந்தப் பழங்குடிப் பகுதிகளில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பதே 1996-ல்தான் வந்தது. அந்தக் குற்றச் சட்டம் ஒழிந்து, அந்தப் பகுதிகள் பக்கத்து மாகாணத்தோடு முறைப்படி இணைந்தது 2018-ல். 'நீ என் குடிமகன்' என்று எழுபது வருஷம் சொல்லிக்கொண்டே, குடிமகனுக்கு உரிய எதையும் கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள். இத்தனையும் செய்துவிட்டு, இவர்களுக்கு தேசப்பற்று குறைச்சல் என்ற புகார் வேறு.

*

இந்த இடத்தில் கான் அப்துல் கபார் கான் வந்தே ஆகவேண்டும். எல்லை காந்தி. பழிக்குப் பழி என்று வளர்ந்த ஒரு சமூகத்தில் அகிம்சைப் படை கட்டியவர். 1929-ல் அவர் தொடங்கிய இயக்கம் குதாயி கித்மத்கார். கடவுளின் சேவகர்கள் என்று அர்த்தம். சிவப்புச் சட்டை போட்டிருப்பார்கள். 1930 ஏப்ரல் 23-ம் தேதி பெஷாவரின் கிஸ்ஸா கவானி பஜாரில் பிரிட்டிஷ் படை சுட்டபோது, கையில் ஆயுதமில்லாமல் நின்று செத்தவர்கள். சுடச் சொல்லியும் சுட மறுத்த கார்வாலி சிப்பாய்களின் கதை தனி அத்தியாயம். இன்னொரு நாள் பார்க்கலாம்.

1947-ல் அவருடைய எல்லைப்புற மாகாணத்தில் ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். முதலமைச்சர் அவருடைய சொந்த அண்ணன், டாக்டர் கான் சாகிப். ஆனாலும் மக்கள் கருத்தைக் கேட்க ஒரு வாக்கெடுப்பு என்று முடிவானது. கேள்வி இதுதான்: இந்தியாவா, பாகிஸ்தானா? மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள், பஷ்டூனிஸ்தான் என்று எழுதுங்கள் என்றார்கள் கபார் கான் ஆட்கள். ஜூன் மாதம் பன்னுவில் கூடித் தீர்மானமே போட்டார்கள். பிரிட்டிஷார் முடியாது என்றார்கள். காங்கிரஸ் தலைமையோ தேசப்பிரிவினைக்கு ஏற்கெனவே தலையாட்டியாகிவிட்டது. கபார் கானுக்கு அந்த மனத்தாங்கல் கடைசிவரை தீரவில்லை. ஓநாய்களிடம் தூக்கிப் போட்டுவிட்டீர்களே என்று பொருமினார்.

அவருடைய ஆட்கள் வாக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். பாகிஸ்தானுக்கு 2,89,244 ஓட்டு. இந்தியாவுக்கு 2,874. ஓட்டுரிமை இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. அவர்களுக்கான கட்டம்தான் அந்தச் சீட்டில் இல்லையே.

அந்த வருஷம் செப்டம்பர் 30. ஐ.நா. சபையில் பாகிஸ்தானை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள ஓட்டெடுப்பு. எதிர்த்து ஓட்டுப் போட்டது ஒரே ஒரு நாடு. இந்தியாதானே என்று கேட்பீர்கள். இல்லை. ஆப்கனிஸ்தான்! பக்கத்து முஸ்லிம் தேசம். கொஞ்ச நாளில் அந்த ஓட்டை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள் என்றாலும் காரணம் மாறவில்லை. கோடு. 'நாங்கள் ஒப்பந்தம் போட்டது வெள்ளைக்காரனோடு. அவன் போய்விட்டான். கோடும் அவனோடு போயிற்று' என்றது காபூல். 'அவன் சொத்துக்கு நான் வாரிசு, கோட்டுக்கும் நானே வாரிசு' என்றது பாகிஸ்தான். பாகிஸ்தானின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1919-லும் 1921-லும் காபூல் வேறு ஒப்பந்தங்கள் போட்டபோது அதே கோட்டை மறுபடி ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக நாடுகள் பெரும்பாலும் பாகிஸ்தான் சொல்வதைத்தான் ஏற்கின்றன.

1949-ல் ஆப்கன் மகாசபை (லோயா ஜிர்கா என்பார்கள்) கூடி, பழைய ஒப்பந்தங்கள் எதுவும் செல்லாது என்று அறிவித்துவிட்டது.

*

காபூலுக்கு உண்மையிலேயே பஷ்டூன்கள் மீது அத்தனை பாசமா?

அவர்கள் கேட்ட பஷ்டூனிஸ்தானின் வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். கோட்டுக்குக் கிழக்கே, பாகிஸ்தான் வசம் இருக்கிற நிலம் எல்லாம் அதில் உண்டு. கோட்டுக்கு மேற்கே, தங்கள் வசம் இருக்கிற பஷ்டூன் மண்ணில் ஒரு பிடிகூடக் கிடையாது. உன் வீட்டை இடித்துப் பொதுக்கூடம் கட்டு, என் வீட்டுச் சுவர்மீது கை வைக்காதே! தவிர, ஆப்கனிஸ்தானின் வடக்கு எல்லையும் இதே மாதிரி அந்நியர்கள் பேசிப் போட்ட கோடுதான். அதற்கு அந்தப் பக்கமும் தாஜிக்குகள், உஸ்பெக்குகள் இருக்கிறார்கள். அது மட்டும் புனிதமான எல்லை என்று காபூல் சும்மா இருந்தது. இந்தப் பக்கம் பாகிஸ்தானும் சளைத்ததில்லை. காஷ்மீரில் சுயநிர்ணய உரிமை வேண்டும் என்று எல்லா மேடையிலும் பேசும். பஷ்டூன் கேட்டால் தேசத்துரோகம்.

இந்த விளையாட்டின் விலை என்ன என்பது 1961-ல் தெரிந்தது. ஆப்கன் பிரதமர் தாவூத் கான், மன்னரின் பெரியப்பா மகன், பஷ்டூனிஸ்தான் பைத்தியம். சாதாரண உடையில் படையாட்களைக் கோட்டைத் தாண்டி பஜோருக்குள் அனுப்பியெல்லாம் பார்த்தார். செப்டம்பரில் இரண்டு நாடுகளும் உறவை முறித்துக்கொண்டன. எல்லை மூடப்பட்டது. சரியாகத் திராட்சை அறுவடைக் காலம். ஆப்கன் பழம் இந்தியச் சந்தைக்கு வரவேண்டுமென்றால் பாகிஸ்தான் வழியாகத்தான் வரவேண்டும். பழம் அழுக ஆரம்பித்தது. சோவியத் யூனியன் விமானம் அனுப்பிக் கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு போனது. (உதவிக்கு வருகிறவன் சும்மா வருவதில்லை என்பது ஆப்கனியருக்குப் பதினெட்டு வருஷம் கழித்துப் புரிந்தது.) குளிருக்குக் கீழே இறங்க ஆடுகளோடு வந்த நாடோடிகள் ஒரு லட்சம் பேருக்கு மேல். அவர்களையும் பாகிஸ்தான் உள்ளே விடவில்லை. பரம்பரை பரம்பரையாக நடந்த பாதை ஒரே உத்தரவில் மூடிக்கொண்டது.

பஷ்டூன் பெயரைச் சொல்லித் தொடங்கிய சண்டை. ரொம்பக் கஷ்டப்பட்டது பஷ்டூன் நாடோடி. 1963-ல் தாவூத்தை ராஜினாமா செய்யவைத்து, இரானின் ஷா நடுவில் புகுந்து சமாதானம் பேசியபிறகுதான் கதவு திறந்தது.

இத்தனைக்கும் இந்தப் பக்கத்துப் பஷ்டூன்கள் தனி நாடு கேட்டு, வங்காளிகள் மாதிரி ஒரு பெரிய யுத்தத்தில் இறங்கியவர்கள் இல்லை. வஸிரிஸ்தான் மலைக்குள் இருந்துகொண்டு போராடிய இபி ஃபகீர் மாதிரி ஓரிருவர் விதிவிலக்கு. மற்றவர்கள் பாகிஸ்தான் ராணுவத்தில் சேர்ந்தார்கள், ஜெனரல் ஆனார்கள். ஜனாதிபதிகூட ஆனார்கள். கராச்சியில் லட்சக்கணக்கில் குடியேறி பஸ் ஓட்டினார்கள், கட்டடம் கட்டினார்கள். கபார் கானின் மகன் வலி கான் ஒருமுறை சொன்னது மிகவும் பிரசித்தம். நான் பஷ்டூனாக இருப்பது பல்லாயிரம் வருஷமாக, முஸ்லிமாக இருப்பது ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக, பாகிஸ்தானியாக இருப்பது ஏதோ கொஞ்ச வருஷமாக என்கிற அர்த்தத்தில் சொன்னார். மூன்றையும்தான் சொன்னார். மூன்றாவதை அவர் மறுக்கவில்லை. அதைக் கடைசியில் வைத்தார். இஸ்லாமாபாத்துக்கு அந்த வரிசைதான் பொறுக்கவில்லை.

*

பஷ்டூன் என்கிற நினைப்பை உடைக்க பாகிஸ்தான் எடுத்த ஆயுதம், மதம். 'நாமெல்லாம் முஸ்லிம், அதற்குள் என்ன பஷ்டூன், பஞ்சாபி?' 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கனிஸ்தானுக்குள் புகுந்தபோது இதற்குப் பொன்னான வாய்ப்பு கிடைத்தது. கோட்டைத் தாண்டி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் வந்தார்கள். பெரும்பாலும் பஷ்டூன்கள். அகதி முகாம் ஒரு பக்கம். 'அடைக்கலம் கேட்டால் கொடு' என்று உறவுக்காரர்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது இன்னொரு பக்கம். அமெரிக்கப் பணமும் சவுதிப் பணமும் கொட்டியது. அதைப் பங்கிட்டுக் கொடுக்க பாகிஸ்தான் தேர்ந்தெடுத்தது ஏழு கட்சிகளை. ஏழும் மதம் பேசுகிற கட்சிகள். பஷ்டூன் தேசியம் பேசிய ஒருத்தருக்கும் இடமில்லை. ஆயுதம் ஏற்றிய கோவேறு கழுதைகள் டூராண்ட் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. சோவியத் படையால் அதை அடைக்கவே முடியவில்லை. எல்லை ஒழுகுகிறது என்று அப்போது பாகிஸ்தான் புகார் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த யுத்தத்தின் நடுவில், 1988 ஜனவரி 20-ம் தேதி, பெஷாவரில் கபார் கான் இறந்துபோனார். கிட்டத்தட்ட நூறு வயது. பிரிட்டிஷ் சிறை, பாகிஸ்தான் சிறை இரண்டையும் பார்த்தவர். சாகும்போதும் வீட்டுக் காவல். முந்தின வருஷம்தான் இந்தியா அவருக்கு பாரத ரத்னா கொடுத்திருந்தது. ராஜீவ் காந்தி பெஷாவருக்கே போய் அஞ்சலி செலுத்தினார்.

உயிலில், என்னை ஜலாலாபாதில் புதையுங்கள் என்று சொல்லியிருந்தார் மனிதர். அதாவது, கோட்டுக்கு அந்தப் பக்கம். உடல் கைபர் கணவாய் வழியாகப் போனது. பின்னாலேயே ஆயிரக்கணக்கில் ஜனம். சண்டையை நிறுத்திவைத்தார்கள். ஒரு கிழவரின் சவ ஊர்வலத்துக்காக வல்லரசு யுத்தத்துக்கு லீவு! ஆனால் ஜலாலாபாதில் அடக்கம் நடந்தபோது குண்டு வெடித்தது. அகிம்சை பேசியவரின் இறுதிச் சடங்குக்குப் போனவர்களில் பத்துப் பதினைந்து பேர் திரும்பி வரவில்லை.

*

இனி வருவதுதான் வேடிக்கை. மதம் பேசுகிறவர்கள் காபூலில் ஆட்சிக்கு வந்தால் கோட்டுத் தகராறு தீர்ந்துவிடும் என்று பாகிஸ்தான் நம்பியது. 1996-ல் தாலிபன் வந்தார்கள். அவர்களுடைய அரசாங்கத்தை அங்கீகரித்த மூன்றே மூன்று நாடுகளில் பாகிஸ்தான் ஒன்று. 'அப்படியே இந்த எல்லைக்கும் ஒரு கையெழுத்து...' என்று கேட்டுப் பார்த்தார்கள். தாலிபன் போடவில்லை. மன்னர் போடவில்லை, தாவூத் போடவில்லை, கம்யூனிஸ்ட் போடவில்லை, முல்லா உமர் மட்டும் போட்டுவிடுவாரா? பஷ்டூன்களைப் பிரித்த கோட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் என்று பெயர் வாங்க காபூலில் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது.

பிறகு நடந்தது தெரியும். அமெரிக்கா வந்தது. கோட்டைத் தாண்டி ஆட்களை அனுப்பிப் பழகிய பாதையில், ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். 2007-ல் பாகிஸ்தான் தாலிபன் என்று தனியாக ஓர் அமைப்பு உருவானது. 2014 டிசம்பர் 16, பெஷாவர் ராணுவப் பள்ளிக்கூடம். நூற்றுக்கும் அதிகமான பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தவர்கள் பதுங்க அந்தப் பக்கம் இடமிருக்கிறது என்று பாகிஸ்தான் கொதித்ததை யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பறிகொடுத்ததும் பெஷாவர்தான், பஷ்டூன் ஊர்தான்.

2016 ஜூனில், டோர்க்கம் வழியாக வருவதற்கு பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயம் என்றார்கள். 2017-ல் வேலி போட ஆரம்பித்தார்கள். இரட்டை வேலி. நடுவில் முள்கம்பிச் சுருள். ஆளுயரத்தைப்போல் இரண்டு மடங்கு. பனிமலை உச்சியிலும் விடவில்லை. 2021 ஆகஸ்டில் தாலிபன் மறுபடி காபூலைப் பிடித்தபோது இஸ்லாமாபாத்தில் சிலர் சந்தோஷப்பட்டார்கள். நாலே மாதம். டிசம்பரில் நங்கர்ஹாரில் தாலிபன் வீரர்கள் அந்த முள்கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆரம்பத்தில் சொன்ன சமன் ஊருக்குத் திரும்புவோம். காலையில் கோட்டைத் தாண்டி ஸ்பின் போல்டாக்குக்குப் போய்க் கடை திறந்து, மூட்டை தூக்கி, சாயங்காலம் வீடு திரும்புகிற ஜனம் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்கு பாஸ்போர்ட் கிடையாது. பாகிஸ்தான்காரர் பாகிஸ்தான் அடையாள அட்டையைக் காட்டுவார். ஆப்கனியர் ஆப்கன் அட்டையைக் காட்டுவார். தலையசைத்தால் தாண்டிவிடலாம். 2023 அக்டோபரில், அதெல்லாம் இனி செல்லாது, பாஸ்போர்ட், விசா என்றது அரசாங்கம். கூடவே, ஆவணம் இல்லாத ஆப்கனியர் எல்லோரும் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்றும் உத்தரவு. அடுத்த சில மாதங்களில் 5 லட்சம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். இவர்களில் பலர் பாகிஸ்தானிலேயே பிறந்தவர்கள்.

சமன்காரர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது தனி நாடு இல்லை. பஷ்டூனிஸ்தான் கொடி எதையும் ஏற்றவில்லை. பழையபடி அட்டையைக் காட்டிவிட்டு வேலைக்குப் போகவிடு என்றார்கள். குளிர், வெயில், தடியடி, துப்பாக்கிச் சூடு எல்லாம் பார்த்தார்கள். ஒன்பது மாதம். 2024 ஜூலையில்தான் எழுந்தார்கள். அரசாங்கம் சொல்கிற காரணங்களில் ஒன்று தீவிரவாதம், இன்னொன்று கடத்தல். இரண்டும் உண்மையிலேயே நடக்கின்றன. ஆனால் மூட்டை தூக்குகிறவனை பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் நிற்கவைத்தால் அவை எப்படி நின்றுபோகும் என்று எனக்கு விளங்கவில்லை. பிழைப்புக்கு நேர்வழி இல்லாத ஊரில் ஆள் பிடிப்பது யாருக்குச் சுலபம்?

2025 அக்டோபரில் இரண்டு நாடுகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. தோஹாவில் உட்காரவைத்து, 19-ம் தேதி சண்டை நிறுத்தம் பேசி முடித்தது கத்தார். துருக்கி கூட இருந்தது. 'இரண்டு சகோதர நாடுகளுக்கு இடையேயான எல்லையில் பதற்றம் தணியும்' என்கிற தோரணையில் கத்தார் ஓர் அறிக்கை வெளியிட்டது. காபூலில் குதித்தார்கள். எல்லையா? எந்த எல்லை? கத்தார் அந்த அறிக்கையைத் திரும்ப எடுத்து, 'எல்லை' என்கிற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு மறுபடி வெளியிட்டது.

காகிதத்தில் எல்லை போய்விட்டது. டோர்க்கத்தில் இரும்புக் கதவு மூடியேதான் இருந்தது. இந்தப் பக்கம் சிமெண்ட்டும் மருந்தும் ஏற்றிய லாரிகள், அந்தப் பக்கம் பழமும் காய்கறியும் ஏற்றிய லாரிகள் மைல் கணக்கில் நின்றன. 1961-ல் திராட்சை. இந்த முறை ஆப்கன் தக்காளி. அது வராததால் பாகிஸ்தான் சந்தைகளில் கிலோ தக்காளி 600 ரூபாய் வரைக்கும் போனது.